மணாலி–லே சாலைக்கு ஸ்ப்ளெண்டரா, ஹிமாலயனா?

லடாக்குக்கு பைக்கில் போவதென்றாலே ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 மாதிரி பெரிய வண்டிதான் வேண்டும் என்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு ஸ்ப்ளெண்டருக்குத்தான்.

முதல் காரணம் எடை. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, ஹிமாலயன் 199. பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீரில், உருண்டைக் கல் மேல் முன்சக்கரம் வழுக்கி வண்டி சாய்கிறது என்று வையுங்கள். ஸ்ப்ளெண்டரை ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில் 199 கிலோவைத் தூக்க, அடுத்த லாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சக்தியில் ஹிமாலயன்தான் மேல்: 24 குதிரைத்திறன் எங்கே, 8 எங்கே? வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், எஞ்சினும் அதற்கேற்பச் சோர்ந்துவிடும். ஸ்ப்ளெண்டர் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். ஆனால் ஏறிவிடும். பின்னால் ஆள் உண்டென்றால் பேச்சே இல்லை, ஹிமாலயன்தான். குண்டும் குழியுமான இடங்களில் அதன் 200 மி.மீ. வரை அமுங்கும் முன் சஸ்பென்ஷன் இடுப்பைக் காப்பாற்றும், அதையும் சொல்லியாக வேண்டும்.

பெட்ரோல் கவலை ஸ்ப்ளெண்டருக்குக் குறைவு. வழியில் தாண்டி என்ற ஊரில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பலகையே வைத்திருந்தார்கள். 9.8 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 50 கொடுத்தால்கூட அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும்.

அப்புறம் ரிப்பேர். ஸ்ப்ளெண்டருக்கு வேண்டிய கிளட்ச் கேபிள், பிளக், டியூப், நாலு ஸ்பேனர் எல்லாம் ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும்.