பழைய பிலிம் பாணிச் செயலியும் குறுவைப் பச்சையும்

பழைய பிலிம் கேமராவின் தோற்றத்தைத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றைக் கும்பகோணம், தாராசுரம், தஞ்சாவூர்ப் பகுதிகளில், குறுவை நாற்றங்கால் தொடங்கிச் சம்பா அறுவடை முடியும் வரை பயன்படுத்தி வந்தேன். இவ்வகைச் செயலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பதால், பெயரைவிட, அவை நம் ஊர் வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே சொல்லத் தக்கது.

2009ஆம் ஆண்டு இறுதியில் ஐபோனுக்கு வந்த ஹிப்ஸ்டமேட்டிக் என்ற சதுரப் படச் செயலி இந்தப் பாணியைப் பரவலாக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வெளியான இன்ஸ்டாகிராமும் சதுரப் படங்களுடனேயே தொடங்கியது. அந்தச் சதுரத்திற்கு 1963இல் கோடக் அறிமுகப்படுத்திய இன்ஸ்டமேட்டிக் போன்ற கேமராக்களே முன்னோடி. வரப்பும் தென்னை வரிசையும் கிடையாக நீண்டு செல்லும் வயல்வெளிக்கு இந்தச் சதுரம் பொருந்தவில்லை; பெரிய கோயில் விமானத்தை இதில் அடக்குவதற்குள் பின்னால் நகர்ந்து நகர்ந்தே மதில் ஓரத்திற்கு வந்துவிடுகிறோம். ஆனால் தாராசுரத்துத் தூண்களில் கட்டம் கட்டமாகச் செதுக்கியுள்ள சிற்றுருவங்களுக்கு, அளவெடுத்துத் தைத்தது போல் அமைகிறது.

வண்ணத்தில் செயலி செய்வது இதுதான்: நிழலின் கருமையை வெளிறச் செய்து, வெளிச்சம் விழும் இடங்களில் மஞ்சளை ஏற்றி, மூலைகளை இருட்டாக்கி, படம் முழுவதும் துகள்களைத் தூவுகிறது. ஆனி, ஆடி நண்பகலில் கைப்பேசிக் கேமரா தரும் உறுத்தலான கூர்மை இதனால் தணிகிறது. கருங்கல்லும் சுண்ணாம்புச் சுவரும் நன்றாகவே வருகின்றன. பச்சையில்தான் செயலி தோற்றுவிடுகிறது. நட்டுச் சில வாரங்களே ஆன பயிர், மஞ்சள் ஏறியதும் தழைச்சத்துக் குறைந்து வெளிறியது போல் தெரிகிறது. டெல்டா விவசாயி ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் அழகைப் பற்றிப் பேசமாட்டார், யூரியா போட்டீர்களா என்றுதான் கேட்பார்.

ஒளிக்கசிவு என்ற விளைவையும் சொல்ல வேண்டும். உண்மையான கேமராவில் பின்மூடியின் அடைப்பு இற்றுப்போனால் பிலிமின் பின்புறத்திலிருந்து வெளிச்சம் புகும். கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருப்பதால், கறை பெரும்பாலும் செம்மஞ்சளாகப் படியும். எங்கே, எவ்வளவு படியும் என்பது எவர் கையிலும் இல்லை. செயலியிலோ அதே சில கறைகள் மாறி மாறி வருகின்றன. ஒரு பருவம் தாண்டுவதற்குள் அலுத்துப்போய் அதை அணைத்துவிட்டேன்.

இந்தச் செயலிகள் காட்டும் ‘பழமை’ நம் வீட்டுப் பழமை அன்று என்பதே நீண்ட நாள் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. மங்கிய செம்மஞ்சள், மேலைநாட்டுக் குடும்ப ஆல்பங்களின் நிறம். நம் கூடங்களில் சட்டமிட்டுத் தொங்கும் முந்தைய தலைமுறைப் படங்களில் பெரும்பாலானவை உள்ளூர் ஸ்டுடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்ற காலத்து நினைவும் அதுவே. ஆகவே செயலியின் கருப்பு வெள்ளைத் தேர்வையே நான் மிகுதியும் நாடுகிறேன். அக்கிரகாரத்துத் திண்ணைத் தூண்களும் ஓட்டுச் சரிவின் நிழலும் அதில் மிகையின்றி விழுகின்றன.

தேதி முத்திரை வேறு வகைத் தொல்லை. இவ்வகைச் செயலிகள் சிலவற்றில் படத்தின் மூலையில் கடந்துபோன ஆண்டு ஒன்று பதிவாகும். மேட்டூர் நீர் வந்து வாய்க்கால் நிறைந்த நாளில் எடுத்த படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பியபோது, “இது எந்த வருஷத்துத் தண்ணிடா?” என்று கேட்டார். குடும்பப் படத்தில் இது வேடிக்கை. கார்த்திகை மழையில் மூழ்கிய சம்பாப் பயிரை அதிகாரிகளிடம் காட்ட எடுக்கும் படத்தில் வேடிக்கை இல்லை. அத்தகைய படங்களை, இடமும் நேரமும் சரியாகப் பதிவாகும் கைப்பேசியின் சொந்தக் கேமராவில்தான் எடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால், தூவிய துகள்கள் திட்டுத் திட்டாகக் குழைந்துவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அமைப்புகளில் அசல் படத்தையும் சேமிக்கும் வசதி இருந்தால் அதை முதல் நாளே இயக்கிவிடுவது நல்லது. இடம் இருமடங்கு பிடிக்கும். ஆனாலும் ஏற்றிய மஞ்சளைப் பின்னர் முழுமையாக நீக்க வழி கிடையாது.