தீக்குச்சி இல்லாமல் தீ: சில வருடப் பழக்கத்தில் தேறியதும் தேறாததும்

வெட்டவெளியில் தீப்பெட்டியும் லைட்டரும் இல்லாமல் தீ மூட்டுவதைச் சில வருடங்களாக விடாமல் பழகி வருகிறேன். இதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் முதல் கங்கு விழுந்த உற்சாகத்தோடு நின்றுவிடும். மழை, பனி, கோடை எல்லாம் தாண்டி அதே கருவிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் எது தேயும், எது தாங்கும், எந்த முறை கையோடு ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில் போட்டுக் கடைவது நம்பலாம். வெறும் கையால் கடைவது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் காலை வாரிவிடும். சக்கிமுக்கிக் கல் சுலபம், கருக்கிய துணி கையிருப்பில் இருக்கிற வரை. மற்றதெல்லாம் ஆசைக்குச் செய்து பார்க்கலாம். எந்த முறையானாலும் காரியம் கெடுவது அநேகமாக இரண்டு இடங்களில்தான்: மரத்தில் மறைந்திருக்கும் ஈரம், கங்கு சுவாலையாக மாறும் அந்த ஒரு நிமிடம்.

வில் முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிக நேரம் போனது அதில்தான். வில், கயிறு, கோல், அடிப்பலகை, கோலின் தலையை அழுத்திப் பிடிக்க ஒரு மேல்கட்டை. வில்லில் கட்டிய கயிற்றைக் கோலில் ஒரு சுற்று சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் பலகையின் குழியில் சுழன்று உரசும். கோல் கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம் போதும். பலகை ஒன்றரை செ.மீ. கனம். பலகையின் ஓரத்தை ஒட்டி ஒரு குழி, அந்தக் குழியின் நடு வரைக்கும் எட்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து ஒரு முக்கோணக் காடி. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் காடி வெட்டினால் சரியாக வரும். கடையும்போது உதிரும் சூடான தூள் இந்தக் காடிக்குள் குவிகிறது. குவிந்த தூளுக்குள்ளேயே சூடு தங்கி, காற்றும் கிடைக்கும்போது அது கங்காகிறது. காடி குறுகினால் தூள் அடைத்துக்கொண்டு காற்று போகாது. அகன்றால் தூள் பரவி ஆறிவிடும். வில்லைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் கவலைப்படுகிறவர்கள் பலர் காடியை ஏனோதானோ என்று வெட்டிவிட்டு, பிறகு தோள் வலிக்கக் கடைந்துகொண்டிருப்பார்கள்.

தூளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வெளிர் பழுப்பில் மாவு மாதிரி விழுந்தால் அழுத்தம் போதவில்லை, இல்லை வேகம் போதவில்லை. சின்னச் சின்னச் சுருளாகத் திரண்டு விழுந்தால் அழுத்தம் அதிகம், அல்லது மரம் இன்னும் காயவில்லை. கரும்பழுப்பில் தொடங்கி கறுப்பாகி, பொலபொலவென்று மெல்லிய மயிரிழை போலக் குவிந்தால் அதுதான் வேண்டியது. சில சமயம் கீச்சென்று சத்தம் வரும், தூளே விழாது. கோலை எடுத்துப் பார்த்தால் நுனியும் குழியும் பாலிஷ் போட்டது போலப் பளபளக்கும். இரண்டையும் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு, குழியில் ஒரு சிட்டிகை மணல் போட்டு மறுபடி தொடங்கினால் பிடித்துக்கொள்ளும்.

புகை வந்துவிட்டது என்று உடனே நிறுத்திவிடக் கூடாது. கோலிலிருந்து வரும் புகை வேறு, தூளிலிருந்து வரும் புகை வேறு. கடைவதை நிறுத்தி, கோலை எடுத்த பிறகும் காடியில் குவிந்த தூளிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழுந்துகொண்டே இருந்தால் கங்கு பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவசரமே இல்லை. நல்ல கங்கு சில நிமிடம் தாராளமாகத் தாங்கும். மூச்சு வாங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு (அது கங்கின் மேல் சொட்டினால் கதை முடிந்தது), பலகையை மெதுவாகத் தட்டி, கங்கைக் கீழே வைத்த இலையிலோ மெல்லிய பட்டையிலோ இறக்கலாம்.

மரத்தைப் பொறுத்தவரை ஒரே சோதனைதான்: நகத்தை அழுத்தினால் தடம் பதிய வேண்டும். கடினமான மரம் கடைந்தால் தேயாது, பிசின் உள்ள மரம் வழுக்கும். செம்பருத்தி இனச் செடிகளின் காய்ந்த கட்டை, வில்லோ, பாப்லர் போன்ற இலேசான மரங்கள் நன்றாக வருகின்றன. கோலும் பலகையும் ஒரே மரமாக இருந்தாலும் பரவாயில்லை. தரையில் கிடக்கும் கட்டையை விட, மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளை எப்போதும் மேல். தரையில் கிடப்பது மேலே காய்ந்து தெரியும், உள்ளே மண்ணின் ஈரத்தைக் குடித்திருக்கும்.

இனி தேய்மானம். முதலில் போனது மேல்கட்டை. மரத்தில் செய்தால் அதன் குழியும் சேர்ந்து கடையும், புகையும். இப்போது இயற்கையிலேயே குழி விழுந்த ஒரு கூழாங்கல்லை வைத்திருக்கிறேன். குழிக்குள் ஒரு பச்சை இலையைக் கசக்கி வைத்தாலோ துளி எண்ணெய் விட்டாலோ கோலின் தலை வழுக்கிக்கொண்டு சுழலும். கருவிப் பையில் இதுவரை மாற்றாத ஒரே பொருள் அந்தக் கல்தான். பலகையில் ஒரு குழி ஓட்டையாகிப் போனால் பக்கத்தில் அடுத்தது போட்டுக்கொள்ளலாம். எகிப்தில் 1922-இல் திறக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த தீக்கடையும் கருவியிலும் இப்படி வரிசையாகக் குழிகள் போட்ட பலகை இருக்கிறது. மூவாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, அமைப்பு கிட்டத்தட்ட இதே அமைப்பு.

கயிறுதான் தீராத தலைவலி. நைலான் கயிறு நன்றாக உழைக்கிறது, கோலில் உரசும் இடத்தில் மட்டும் நூல் பிரியும். அவ்வப்போது கயிற்றை நகர்த்திக் கட்டினால் ஓடும். ஆனால் கயிறு நைலான் என்றால் 'ஆதி முறை' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. பட்டை நாரில் முறுக்கிய கயிறு ஒரு சுற்று போட்டால் வழுக்கும், இறுக்கினால் அறுந்துவிடும். இதற்கு எகிப்திய முறை என்று சொல்லப்படுகிற ஒரு வழி கைகொடுத்தது: கயிற்றைக் கோலோடு நடுவில் முடிந்துவிட்டு, மேலும் கீழுமாகப் பல சுற்று சுற்றுவது. வழுக்கல் நின்றுவிடுகிறது, நாரின் மேல் உரசலும் குறைகிறது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபலத்தால் இது நடக்காது. ஒரு காலால் பலகையை மிதித்து, மேல்கட்டை பிடித்த கையின் மணிக்கட்டை அந்தக் காலின் முன்னெலும்போடு ஒட்டி வைத்தால் கோல் ஆடாது. அது ஆடாமல் இருந்தால் சாதாரண ஆளின் பலமே போதும். மறு முழங்காலுக்குக் கீழே மடித்த துணி அவசியம். கல் தரையில் முட்டி போட்டுப் பழகியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் கையால் கடைவது வேறு உலகம். வில் இல்லை, கயிறு இல்லை. சுண்டுவிரல் பருமனில், இரண்டு அடிக்குக் குறையாத நேரான காய்ந்த தண்டு ஒன்று, ஒரு பலகை, அவ்வளவுதான். உள்ளே பஞ்சு போன்ற சோறு உள்ள தண்டுகள் நன்றாகப் பிடிக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபடியே அழுத்தினால் கைகள் தாமாகக் கீழே இறங்கும். அடியை எட்டியதும் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை மேலே கொண்டுபோய், சூடு ஆறுவதற்குள் அடுத்த சுற்று. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் இன்றும் இப்படித் தீ கடைகிறார்கள். அவர்கள் செய்வதைப் படத்தில் பார்த்தால் ஏதோ சும்மா செய்வது போல இருக்கும். நமக்கு முதலில் கிடைப்பது கொப்புளம். கொப்புளம் வந்த கையோடு தொடர்ந்தால் தோல் உரிந்து ஒரு வாரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே தோல் சிவந்ததும் நிறுத்திவிட வேண்டும். மெல்ல மெல்லத்தான் காய்ப்பு ஏறும். இடையில் கொஞ்ச காலம் விட்டுவிட்டால் காய்ப்பும் போய்விடும், திரும்ப முதலிலிருந்து. நுட்பம் மறப்பதில்லை, தோல்தான் மறந்துவிடுகிறது.

ஈரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்வது நல்லது. மரம் ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான் என்று நினைப்போம். அப்படி இல்லை, அது சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துகொண்டே இருக்கும். 20 டிகிரி செல்சியஸில், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் தங்கும். காற்றின் ஈரம் 90 சதவீதமானால் மரத்தில் அது 20 சதவீதத்தைத் தொடும். நாம் கடைந்து உண்டாக்கும் சூட்டில் கணிசமான பங்கு முதலில் அந்த நீரை ஆவியாக்கத்தான் போகும். வில் முறையில் இந்த நஷ்டத்தைக் கூடுதல் அழுத்தத்தால் சமாளிக்கலாம். கை முறையில் சமாளிக்க மிச்சம் எதுவும் இருக்காது. நேற்று இரண்டே இறக்கத்தில் கங்கு தந்த அதே தண்டு இன்று வெறும் புகையோடு நின்றால் குற்றம் நம் கையில் இல்லை. கோலையும் பலகையையும் வெயிலில் காயவைத்து, சூடு இறங்கியதும் காற்றுப் புகாத பையில் போட்டு வைப்பது என்னைப் பொறுத்தவரை பாதிப் பயிற்சிக்குச் சமம்.

சக்கிமுக்கிக் கல். கல் தீ தருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எரிவது இரும்பு. கல்லின் கூரான விளிம்பு எஃகிலிருந்து நுண்ணிய துணுக்குகளைச் செதுக்க, அவை காற்றில் பற்றிக்கொண்டு பொறியாகின்றன. அதனால் கல் எஃகை விடக் கடினமாக இருக்க வேண்டும், குவார்ட்ஸ் வகைக் கற்கள் எதுவானாலும் சரி. எஃகு கார்பன் மிகுந்ததாக, பதம் ஏற்றியதாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கத்தியின் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தால் கைதான் நோகும். கல்லின் விளிம்பு மழுங்கியதும் பொறி குறையும், சிறிது உடைத்துப் புது விளிம்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இந்தப் பொறி நேராகக் காய்ந்த புல்லில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அதற்குக் கருக்கிய துணி வேண்டும். சுத்தமான பருத்தித் துணித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, நெருப்பில் வைத்தால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கி, டப்பா முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் கனன்று சாம்பலாகிவிடும். நன்றாக வந்த துணியில் ஒரே ஒரு பொறி விழுந்தாலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தோன்றி வட்டமாகப் பரவும், ஊதினாலும் அணையாது. இதில் உள்ள வேடிக்கை, தீ மூட்ட வேண்டிய துணியைச் செய்யவே முதலில் தீ வேண்டும். துணி இல்லாத காலத்தில் மரத்தில் வளரும் காளான்களைப் பயன்படுத்தினார்கள். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் வருடத்துக்கும் முந்தைய மனிதரின் பையில் அந்தக் காளானும், அதில் ஒட்டிய பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) துகள்களும் இருந்தன. இரும்பு வருவதற்கு முன்பு பொறிக்குப் பைரைட்தான்.

மூங்கிலைப் பிளந்து ஒன்றின் மேல் ஒன்றை அறுப்பது போல உரசும் முறை கயிறு கிடைக்காத இடத்தில் உண்மையிலேயே உதவும், மூச்சுதான் வாங்கும். பாலினேசியர்களின் உழும் முறை, அதாவது கட்டையின் பள்ளத்தில் குச்சியை முன்னும் பின்னும் தேய்ப்பது, எனக்குச் சரியாக வரவில்லை. ஃபயர் பிஸ்டன், அதாவது ஒரு பக்கம் மூடிய குழாயும் அதற்குள் இறுக்கமாக இறங்கும் தண்டும், அழகான பொருள். உள்ளே உள்ள காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சூடேறி நுனியில் உள்ள பஞ்சைக் கங்காக்கும், டீசல் இஞ்சின் வேலை செய்யும் தத்துவம்தான். ஆனால் அதன் உயிர் தண்டில் சுற்றிய நூலில் இருக்கிறது. அது காய்ந்து காற்று கசிந்தால் எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் பயனில்லை.

கங்கு எந்த வழியில் வந்தாலும் அடுத்து பஞ்சுக் கூடு. காய்ந்த புல், மரத்தின் உட்பட்டை நார், தேங்காய் நார், எதுவானாலும் கையால் கசக்கிப் பிரித்து, வெளியே முரடாகவும் நடுவே தூள் தூளாகவும் ஒரு குருவிக் கூடு போல அமைக்க வேண்டும். சம்புப் பஞ்சை மட்டும் வைத்தால் பக்கென்று பிடித்து அடுத்த நொடியே தீர்ந்துவிடும், நாரோடு கலந்தால் நிற்கும். கங்கை நடுவில் வைத்து நாரை லேசாக மூடி, முகத்துக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடித்து, மெல்லிய நீண்ட மூச்சாக ஊத வேண்டும். கீழே வைத்து ஊதினால் புகை கண்ணில் ஏறும், மூச்சின் ஈரமும் நாரில் படியும். கங்கு நாரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அது எரித்த இடத்தில் பள்ளம் விழுந்து விலகிவிடும், விரலால் கூட்டை நெருக்கிக்கொண்டே போக வேண்டும். புகை தடித்து மஞ்சள் கலந்து வரும்போது சுவாலைக்கு இன்னும் ஓரிரு மூச்சுதான். அதற்கு முன்பே தீக்குச்சிப் பருமன், பென்சில் பருமன், விரல் பருமன் என்று சுள்ளிகளைப் பக்கத்தில் அடுக்கியிருக்க வேண்டும். சுவாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சுள்ளி தேடக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், பரிதாபமாக இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. சருகையும் வேரையும் அகற்றி வெறும் மண் தெரியும் இடம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், காற்றில்லாத நேரம், இடத்துக்கு உரியவர்களின் அனுமதி. மட்கு நிறைந்த மண்ணில் தீ தரைக்கடியிலேயே கனன்று பரவக்கூடும். அதனால் அணைத்த பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே நகர்வது. காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாட்களில் பயிற்சி கங்கோடு நின்றுவிடும், அதையும் தண்ணீரில் போட்டுவிடுவேன்.

ஃபெரோ ராட் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) பையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. அது 1903-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலப்பு உலோகம், ஆதி முறை அல்ல. ஆனால் ஏறத்தாழ 3,000 டிகிரிச் சூட்டில் பொறி தருகிற பொருளைக் கொள்கைக்காக விட்டுவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை. வியர்வையும் உப்பும் பட்டால் அரித்துப் பொடியாகும் என்பதால் பயன்படுத்தாத காலத்தில் மெழுகு பூசி வைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கல்லும் எஃகும் எடுத்துக் கூடு ஊதுவதை முதலில் பழகட்டும், அப்புறம் வில்லுக்கு வரலாம். கை முறையைக் காய்ந்த பருவம் வரும் வரை தள்ளிப்போடலாம். நான் இப்போது மும்முறுக்கு நார்க் கயிற்றை எகிப்திய முறையில் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காய்ந்த நாளில் ஒரு கயிறு பல கங்குகளுக்குத் தாங்குகிறது, ஈர நாளில் முதல் கங்குக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. அதனால் நைலான் கயிற்றை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.