ஜிஎஸ்டியா, ஜிஎஸ்டிஎம்எல்லா?

வரி இல்லை; ஜிஎஸ்டி (GSD), ஜிஎஸ்டிஎம்எல் (GSDML) இரண்டும் தொழிற்சாலை நெட்வொர்க்கில் சேரும் கருவியின் விவரம் சொல்லும் கோப்புகள். அச்சுவேலிப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாற்றப்போனபோதுதான் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக உறைத்தது. புரொஃபிபஸ் என்ற பழைய நெட்வொர்க்கின் ஜிஎஸ்டி வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே ஐடென்ட் நம்பர் (கருவி வகையின் அடையாள எண்), 9.6 கிலோபிட் முதல் 12 மெகாபிட் வரை எந்தெந்த வேகம் ஓடும், என்னென்ன மாட்யூல் என்று வரிவரியாகத் தெரியும். மாஸ்டர், அதாவது லைனைக் கட்டுப்படுத்தும் கருவி, அனுப்பும் ஐடென்ட் நம்பர் பொருந்தாவிட்டால் ஸ்லேவ், அதாவது அதன் கீழ் ஓடும் டிரைவ் போன்ற கருவி, தரவே பரிமாறாது. நாங்கள் பழைய டிரைவின் கோப்பை வைத்துக்கொண்டு, அரைநாள் கேபிளையும் அதன் முனையில் போடும் டெர்மினேட்டரையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம்.

ஈதர்நெட்டில் ஓடும் புரொஃபிநெட்டின் ஜிஎஸ்டிஎம்எல், எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் வடிவில் வருகிறது. மாட்யூல் இருக்கும் ஸ்லாட், அதன் உட்பிரிவான சப்ஸ்லாட், பல மொழி விளக்கம் எல்லாம் ஒரே கோப்பில். வாசிக்கக் கண் வலிக்கும், சரி, ஆனால் விவரம் கனக்க. முகவரி சுவிட்சுக்குப் பதிலாகக் கருவிக்குப் பெயர் வைக்க வேண்டும், அதைத்தான் பெடியள் மறப்பார்கள்.

புது லைனுக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். ஓடுகிற பழைய லைனில் கை வைக்க மாட்டேன்.