கபேஜ்ரவுணில் 9 வருடம்: காலுக்குச் சுகம், சுவருக்குச் செலவு

ரொறன்ரோ வந்த புதிதில் நாங்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில். பல்கனியில் நின்றால் வெல்ஸ்லி வீதிக்கு அங்கால் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளின் கூர்க்கூரைகள் தெரியும். அந்த வட்டாரந்தான் கபேஜ்ரவுண். 9 வருடத்துக்கு முன் தங்கச்சி குடும்பமும் நாங்களும் காசு சேர்த்து அந்த வீடுகளில் ஒன்றை வாங்கினோம்.

கார் நிற்கிறது. கிழமைக்கொருக்கால் ஸ்காபரோவுக்கு மீன் வாங்கப் போக மட்டும். மற்ற எல்லாத்துக்கும் பார்லிமென்ட் வீதி: பாண், மருந்து, தலைமயிர் வெட்டு, நூலகம். வேலைக்கு 506ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார் (தெருவில் ஓடும் ட்ராம்). ரிவர்டேல் பண்ணைக்கு நடந்தே போகலாம், கட்டணமும் இல்லை. 1974 வரை நகரத்து மிருகக்காட்சிசாலை இருந்த இடம் அது. ஊரிலிருந்து வந்த அம்மா வேலியில் சாய்ந்து நின்று, "வடிவான மாடுதான், ஆனா மடி காணாது" என்று தீர்ப்புச் சொன்னா.

வீட்டுக்குள் கதை வேறு. சுவருக்குள் பீங்கான் குமிழ்களில் இழுத்த பழைய வயரிங். அதை மாற்றும்வரை காப்புறுதி தர மாட்டோம் என்றார்கள். தண்ணீர்க் குழாய் ஈயம். வீதிப் பக்கத்துத் துண்டு நகரசபையின் பொறுப்பு, எங்கள் காணிக்குள் வருவது எங்கள் செலவு.

பெரிய அடி முன்சுவரில். முன்பு யாரோ செங்கல் இடுக்குகளைச் சீமெந்தால் பூசியிருந்தார்கள். இந்தப் பழைய கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தோடுதான் ஒத்துப்போகும். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. அது கல்லுக்குள்ளேயே நின்று குளிரில் உறைய, கல்லின் முகம் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. சீமெந்தைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைக்க இரண்டு கோடை போனது. வாங்க நினைப்பவர்கள் குசினியைப் பார்க்கமுதல் இடுக்குகளை நகத்தால் கீறிப் பாருங்கள்.

பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரம் என்பதால் வீதிக்குத் தெரியும் யன்னலை மாற்ற அனுமதி வேண்டும். எரிச்சல்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் பிளாஸ்டிக் யன்னல் போட முடியாது என்பதில் ஒரு சின்னத் திருப்தி. ஒரு வேடிக்கை: அயர்லாந்துக்காரர் முற்றத்தில் கோவா (கபேஜ்) நட்டதால் கபேஜ்ரவுண் என்று பெயர் வந்ததாம், ஆனால் அந்த அசல் கபேஜ்ரவுண் எங்களுக்குத் தெற்கே. அதன் பெரும்பகுதியை 1940களின் கடைசியில் இடித்து ரீஜன்ட் பார்க் என்ற அரச குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துக்கு அப்போது டொன் வேல் என்று பெயர்.

திரும்ப வாங்குவீர்களா என்று மச்சான் கேட்டார். இந்த வீதியில், ஓம். இந்த வீட்டை என்றால், பின்சுவர் வேலையும் முடியட்டும், பிறகு சொல்கிறேன்.