கெட்டமினா, கரண்டா: அண்ணனுக்காக எடுத்த முடிவு

இரண்டு வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டும் அண்ணனின் மனச்சோர்வு இறங்கவில்லை. வளவுத் தூணில் சாய்ந்தே பொழுதைக் கழித்தார். மதுரை மருத்துவர் சொன்ன வழிகள் இரண்டு: மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் மின் அதிர்வு சிகிச்சை, கெட்டமின் என்ற மருந்து. மெல்போர்ன் மைத்துனர் மூன்றாவதாகக் போதைக் காளானில் உள்ள சைலோசைபினைச் சொன்னார்.

அது இங்கே ஆகாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் கொடுக்கலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தடுக்கிறது. கொடைக்கானல் காளான் என்று யாராவது காதைக் கடித்தால் எழுந்து போய்விடுங்கள்.

மின் அதிர்வு சினிமாவில் காட்டுவதுபோல் இல்லை. மயக்க மருந்தில்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. சாப்பாட்டையே நிறுத்தியவர், பிரமை உள்ளவர் என்றால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அதில் ஞாபகம் சற்று மங்கும். பங்காளிகளின் கணக்கு முழுவதும் அண்ணன் தலையில்தான் இருக்கிறது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வும் துணிவு தந்தது: பிரமை இல்லாத நோயாளிகளில் கெட்டமின் பெற்றவர்களில் 55 சதவீதத்தினரும், மின் அதிர்வு பெற்றவர்களில் 41 சதவீதத்தினரும் தேறினார்கள்.

கெட்டமின்தான் என்று முடிவானதும், “போதை ஊசியாடா?” என்றார் ஆத்தா. அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்துதான், அளவு குறைவு என்றேன். நாற்பது நிமிடம் சொட்டு சொட்டாக ஏறியது. கையில் ரத்த அழுத்தப் பட்டை. “கூரை எங்கேயோ மேலே போய்விட்டது, முற்றத்தில் மல்லாந்து கிடந்ததுபோல” என்றார் அண்ணன்.

யோசிக்க வேண்டியது பராமரிப்பு. இதன் பலன் நாள்களிலோ வாரங்களிலோ கரையும். வாரம் இரண்டு வீதம் ஆறு முறை போனோம்; இப்போது மாதம் ஒன்று. மருந்து மலிவு, காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கார் வாடகையும் எனக்கு ஒரு நாள் வேலையும்தான் செலவு. அன்று அவர் வண்டி ஓட்டக்கூடாது; கூட ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இதைச் சொல்லமாட்டேன். மின் அதிர்வுக்குப் பிறகும் நோய் திரும்புவதுண்டு என்றாலும், நாங்கள் அந்த வழியில் போகாததால் அலைச்சலை ஒப்பிட என்னால் முடியாது. எட்டு மாத அனுபவத்தை வைத்து ஆயுளுக்கும் போதும் என்றும் சொல்லமாட்டேன்.

அடுத்த முறை நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலன்று விழுகிறது. தேதியை மாற்றச் சொல்லி அண்ணனே மருத்துவமனைக்குப் பேசிவிட்டார்.