ரிப்பேர் முடிந்தும் தீராத கம்ப்யூட்டர், மெயில் தொல்லை: சில வருட அனுபவம்

வீட்டு டெஸ்க்டாப்பில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை வைத்து மெயில் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்தப் பெட்டி ரிப்பேருக்குப் போய் வரும்போதெல்லாம், எதற்காகப் போனதோ அது சரியாகியிருக்கும். மெயில் மட்டும் ஏதாவது ஒரு விதத்தில் முரண்டு பிடிக்கும். கடையில் கேட்டால், "மெஷின் ஓகே சார், மெயில் கம்பெனியைக் கேளுங்க" என்பார்கள். மெயில் சேவையின் உதவிப் பக்கமோ உங்கள் கணினியைச் சரிபாருங்கள் என்கிறது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் என்றுதான், எது எதனால் வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தது தேதிக் கோளாறு. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றியதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோவது நின்றது. ஆனால் மறுநாள் காலையில் போட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும். தண்டர்பேர்டு பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று அடம்பிடிக்கும். பிரவுசரிலும் பல தளங்கள் திறக்காது. தன் அடையாளத்தைக் காட்ட மெயில் சர்வர் நீட்டும் சான்றிதழுக்கு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஓர் ஆயுள் உண்டு. நம் கணினி பழைய வருடத்தில் நின்றால், அதன் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பையே மறுத்துவிடும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் 3 வோல்ட் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கடையில் எத்தனை முறை சோதித்தும் இது ஏன் அகப்படவில்லை? பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடிவிடும். ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத் தூங்குகிற வீட்டில்தான் பேட்டரிக்கு வேலை வருகிறது. கடையில் அப்படி யாரும் அணைப்பதில்லை போல. "இங்கே நல்லா ஓடுதே" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை.

அடுத்தது ஃபார்மட். எந்தக் கோளாறு சொன்னாலும் "ஒரு ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான் பதில். இதில் எனக்குக் கோபமே உண்டு. ஃபார்மட் போட்டால் கோளாறு சில சமயம் போகும், ஏன் வந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்து போகும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றியபோது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக நகல் எடுத்துக் கொடுத்தார்கள். மெயில் மட்டும் இல்லை. விண்டோஸில் தண்டர்பேர்டின் சேமிப்பு, ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், ரோமிங் என்பதன் கீழே இருக்கிறது. கேட்டால் ஒழிய யாரும் அதை எடுப்பதில்லை.

ஐமேப் முறையில் இருந்த கணக்குக்குப் பாதிப்பில்லை. மெயில் எல்லாம் சர்வரில் இருப்பதால் கடவுச்சொல் கொடுத்ததும் தானாக இறங்கிவிட்டது. பாப் முறையில் இருந்த பழைய கணக்குதான் வெறுமையாக நின்றது. பாப் என்பது மெயிலை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. சர்வரில் பிரதி இத்தனை நாள் இருந்தால் போதும் என்று அமைத்திருந்தால், அந்தக் கெடு முடிந்ததும் அங்கே அழிந்துவிடும். நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கையோடு வாங்கி வந்திருந்தேன். அதை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, தண்டர்பேர்டின் அந்தச் சேமிப்பை, அதாவது ப்ரொஃபைல் ஃபோல்டரை, முழுசாக எடுத்துப் போட்டதும் மெயில், முகவரிப் புத்தகம், வடிகட்டிகள் எல்லாம் அப்படியே வந்தன. பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருப்பவற்றின் பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன்.

அப்புறம் மெயில் வந்தது, போகவில்லை. எழுதியதெல்லாம் அவுட்பாக்ஸில் தேங்கி நின்றது. வருகிறதே, அப்படியானால் செட்டிங் சரிதானே என்று கடைக்காரர் வாதாடினார். வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு தனித்தனி அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் போர்ட் என்ற வாசல் எண் உண்டு. வாங்க ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. அனுப்பும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர், அதற்கு 587 அல்லது 465. புதிதாக அமைத்தவர் அனுப்பும் இடத்தில் 25 என்று போட்டிருந்தார். ஸ்பேம் தொல்லையால் வீட்டு இணைப்புகளில் 25-ஐப் பல இணையச் சேவைகள் அடைத்தே வைத்திருக்கின்றன. 587 போட்டதும் தேங்கியதெல்லாம் போய்ச் சேர்ந்தது.

கடவுச்சொல்லை மறுபடி மறுபடி கேட்பது வேறு கதை. 535 என்ற எண்ணோடு பிழை வந்தால், அனுப்பும் சர்வர் நம் அடையாளத்தை ஏற்கவில்லை என்று பொருள். கடவுச்சொல் தப்பு என்றே இருக்க வேண்டியதில்லை. வெறும் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும் பழைய முறையைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 கெடுவாக இருந்தது. ஆகவே அங்கீகார முறை என்ற இடத்தில் சாதாரணக் கடவுச்சொல் என்பதை எடுத்துவிட்டு, மெயில் சேவையின் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதி தரும் ஓஆத் 2 முறையைப் போட வேண்டும். அப்போது உள்நுழைவதற்கு ஒரு தனி ஜன்னல் திறக்கும். கணினியை ஃபார்மட் போடும் வரை ஓடிக்கொண்டிருந்தது பிறகு ஓடாமல் போவதற்கு, புதிதாக அமைக்கும்போது பழைய முறையையே தேர்ந்தெடுப்பது ஒரு காரணம்.

இதில் ஒரு சோதனை நிறைய நேரம் மிச்சப்படுத்தியது. தண்டர்பேர்டை மூடிவிட்டு, பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பேன். அங்கே போனால் கணக்கு நலம், கோளாறு நம் பெட்டியில். அங்கேயும் போகவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் சேமிப்பிடம் நிறைந்திருக்கும். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, மெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

எஸ்எஸ்டி போட்ட பின்னும் அவ்வப்போது எல்லாம் உறைந்து நின்றது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று நினைத்தேன். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைக் காட்டி, மதர்போர்டு போச்சு என்றார் ஒருவர். அந்தப் பதிவு, கணினி முறையாக அணையாமல் நின்றுபோனது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு கெடுகிறது என்பதன் அறிகுறி, அநேகமாக இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள். புது கேபிள் மாட்டியதும் எண்ணிக்கை ஏறுவது நின்றது. பழைய எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது, அதனால் ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இந்த மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாததால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. புதுசு வாங்கச் சொன்னார்கள். நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு, அதே ப்ரொஃபைல் ஃபோல்டரை அதில் வைத்தேன். மெயில் ஒன்றுகூட விடாமல் வந்தது. பிரிண்டரும் அச்சடிக்கிறது. அதன் ஸ்கேனர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் லேப்டாப்பைத்தான் எடுக்கிறேன்.