தள்ளாடும் குதிரைக்கு எந்த ஸ்கேன்?

மனிதருக்கு நரம்புக் கோளாறு என்றால் பெரும்பாலும் எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். குதிரை விஷயத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. அதன் கழுத்து மெஷினுக்குள் நுழையுமா என்பதுதான் முதல் கேள்வி.

'வாப்ளர்' நோயையே எடுத்துக்கொள்வோம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிப்போய்க் குதிரை குடிகாரன் போலத் தள்ளாடும். நடக்கும்போது வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கிக்கொண்டு நிற்காது, இழுத்த பக்கமே சாய்ந்து வரும். பின்னங்கால் குளம்பின் முனை தேய்ந்திருக்கும். வேகமாக வளரும் இளம் தாரோபிரெட் (பந்தய இன) குதிரைகளிடம் இது அதிகம். கிழட்டுக் குதிரைகளையும் விடுவதில்லை: 1977-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களான டிரிபிள் கிரவுனை வென்ற சியாட்டில் ஸ்லூவுக்குக் கழுத்தில் அறுவை நடந்தது 2000-ல், அதன் 26-வது வயதில்.

எக்ஸ்ரே எடுப்பது எளிது. லேசான மயக்க ஊசி போட்டு, லாயத்திலேயே நிற்கவைத்து எடுத்துவிடலாம். தண்டுவடக் குழாயின் உயரத்தை எலும்பின் உயரத்தோடு ஒப்பிட்டு அளப்பார்கள். 4 முதல் 6 வரையிலான கழுத்தெலும்புகளில் அது 50 சதவீதத்துக்கும், 7-வதில் 52-க்கும் கீழே போனால் சந்தேகம். வெறும் சந்தேகம்தான், எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது.

அடுத்தது மயிலோகிராம். முழு மயக்கத்தில், பிடரிக்கு மேலே ஊசி குத்தி, தண்டுவட நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு எக்ஸ்ரேயில் தெரியும் அயோடின் மருந்தை ஏற்றுவார்கள். தலையை உயர்த்திப் பிடித்தால் மருந்து கீழே இறங்கும். பிறகு கழுத்தை மடக்கியும் நீட்டியும் படம். இளம் குதிரைகளுக்கு நடுக்கழுத்தை மடக்கும்போது மட்டும் நசுங்குவது உண்டு என்பதால் இந்த மடக்கல் பெரிய வசதி. ஆனால் படம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் எடுக்கிறார்கள். இடமோ வலமோ இருந்து அழுத்தினால் தப்பிப்போகும்.

அந்த ஓட்டையை அடைப்பது சிடி. அதே மருந்தோடு எடுத்தால் கழுத்தை வெங்காயம் போலக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி, நரம்பு வெளியேறும் துளைவரை தெரியும். மடக்கிப் பார்க்கத்தான் உள்ளே இடம் போதாது. பழைய குறுகலான மெஷினில் தோள் இடித்துவிடும்.

எம்ஆர்ஐ? மூளைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. கழுத்தில் பெரும்பாலும் மேலே இரண்டு மூன்று எலும்புகளோடு சரி. கிழட்டுக் குதிரைக்கு மூட்டு வீங்கும் 5, 6, 7-வது எலும்புகள் பெரும்பாலும் எட்டாது. குதிரையை நிற்கவைத்தே எடுக்கும் எம்ஆர்ஐயும் இருக்கிறது, ஆனால் அது காலுக்கு. அல்ட்ராசவுண்டு தண்டுவடம் நசுங்கியிருப்பதைக் காட்டாது. மூட்டில் ஊசி போட வழிகாட்டும்.

வைட்டமின் ஈ குறைவால் வரும் தள்ளாட்டம் இவை எதிலும் தெரியாது. ஆகவே என் வரிசை: கால்நடை மருத்துவரின் பரிசோதனை, ரத்தமும் தண்டுவட நீரும், எக்ஸ்ரே. அறுவைக்கு உரிமையாளர் தயார் என்றால், அகல வாய் மெஷின் உள்ள இடத்தில் மருந்தோடு சிடி. குதிரை இளசு என்றால் மயிலோகிராமும். தயாரில்லை என்றால் எக்ஸ்ரேயோடு நிறுத்திக்கொள்வேன். ஏற்கெனவே கால் பின்னும் 500 கிலோ உடம்பு, மயக்கம் தெளிந்து தானாக எழுந்து நிற்க வேண்டுமே.